பாறை மண்ணாகும் வழி
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் சங்கத்தின் வரலாற்றைப் பேசுவதே மரபு. அதைப் பேசத் தகுதியுடையோர் இங்கே பலர் அமர்ந்திருக்கின்றனர். இளைஞர் அரங்கில் அறிவியல் பொருள் ஒன்றைப் பேசுமாறு செயற்குழு பணித்தபோது, எதைப் பேசுவது என்று எண்ணிப் பார்த்தோம். நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரே விடை சொல்லிற்று. பேச்சியின் பெயரைத் தாங்கிய பாறை ஊருக்கே பெயராகி நிற்கிறது. ஆகவே பாறையைப் பற்றியே பேசுவோம். அது எவ்வாறு உடைகிறது, எவ்வாறு கரைகிறது, எவ்வாறு மண்ணாகிறது என்பதே நம் பொருள்.

இது நமக்கு அந்நியமான பொருள் அன்று. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கல்லுடைத்தவர்கள், கிணறு வெட்டியவர்கள், சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள். கல்லாக இருக்கும் முனையையும் சேறாக முடியும் முனையையும் அவர்கள் கையாலேயே தொட்டறிந்தார்கள். இரண்டுக்கும் இடையில் நிகழ்வதை ஏட்டில் படிக்கும் வாய்ப்பே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

நாங்கள் சிறுவராய் இருந்த காலத்தில் எங்கள் தெருவில் கல்லுடைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். பாட்டா என்றே அவரை அழைப்போம். எழுதப் படிக்கத் தெரியாதவர். உடைக்க வேண்டிய கல்லை முதலில் சுத்தியலின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். சில கற்கள் வெண்கல மணிபோல் ஒலிக்கும். சில கற்கள் உடைந்த பானைபோல் ஓசை தரும். "மக்களே, இது செத்த கல்லு. நாதம் இல்ல பாத்தியா" என்று சொல்லி அதை ஒதுக்கி வைப்பார். ஒருமுறை, ஒரு கட்டடத்தின் அடித்தளத்திற்காக வண்டியில் வந்திறங்கிய கல் முழுவதையும் தட்டிப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்றார். "உனக்கென்ன தெரியும்? உடைக்கத்தானே கூலி?" என்று கேட்டார் ஒப்பந்தக்காரர். பாட்டா பேசாமல் உடைத்துக் கொடுத்தார். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் அக்கல்லின் முனைகள் விரலால் தேய்த்தாலே உதிர்ந்தன. அவர் காதால் கேட்டறிந்தது என்ன என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம் என்றும் சொல்லலாம்.

முதலில், நம் மலைகள் எத்தகைய கல்லால் ஆனவை என்று காண்போம். குமரி மாவட்டத்தின் மலைகளில் சார்னகைட், கோண்டலைட், செம்மணிக்கல் கலந்த வரிப்பாறை ஆகியவை மிகுதி. பேச்சு வழக்கில் இவற்றையெல்லாம் கருங்கல் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இவை பூமியின் மேற்பரப்பில் பிறந்தவை அல்ல. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் உருமாறியவை. மேலே இருந்த பாறையெல்லாம் காலப்போக்கில் தேய்ந்து அகன்றபின் வெளியே தெரிந்தவை.

இக்கற்களின் பெயர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். கல்கத்தா நகரைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறையின் மேல் ஒரு கருங்கல் பலகை கிடக்கிறது. சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்ட கல் அது. புவியியல் ஆய்வாளர் தாமஸ் ஹாலந்து 1893ஆம் ஆண்டில் இவ்வகைக் கல்லுக்குப் பெயரிட்டபோது, கல்லின் கீழே படுத்திருந்தவர் பெயரை வைத்துச் சார்னகைட் என்றார். பல்லாவரத்தில் அதைப் பிளந்தெடுத்தவர் பெயர் எவருக்கும் தெரியாது. ஆனால் கோண்டலைட் என்ற பெயர் ஒடிசா மலைகளில் வாழும் கோண்டு என்னும் பழங்குடி மக்களின் பெயரால் அமைந்தது. உலகெங்கும் உள்ள புவியியல் நூல்களில் ஒரு பழங்குடியின் பெயர் பாறையின் பெயராக நிலைபெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

இனிப் பொருளுக்கு வருவோம். பாறை இருந்த இடத்திலேயே இருந்து உடைவதையும் கெடுவதையும் சிதைவு என்கிறோம். சிதைந்ததை நீரும் காற்றும் அள்ளிச் செல்வது அரிப்பு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். சிதைவில் இரு வகை உண்டு. கல் அதே கல்லாக இருந்து துண்டுபடுவது பௌதிகச் சிதைவு. இன்றைய பள்ளி நூல்கள் இயற்பியல் சிதைவு என்கின்றன. கல்லின் உட்பொருளே வேறு பொருளாக மாறிவிடுவது இரசாயனச் சிதைவு. கருப்பட்டியைச் சுத்தியலால் உடைப்பது முன்னதைப் போன்றது. கருப்பட்டி புளித்துப் போவது பின்னதைப் போன்றது.

பௌதிகச் சிதைவுக்கு வட நாட்டு நூல்கள் முதலில் கூறும் காரணம் உறைபனி. நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமன் கூடுகிறது. பாறை வெடிப்பில் புகுந்த நீர் உறைந்தால் ஆப்பு அடித்ததுபோல் பாறை பிளக்கும். இமயத்தில் இது பெருஞ்செயல். நம் கோதையாற்று மலைகளில் இதற்கு இடமில்லை. நம் பாறைகளைப் பிளப்பவை வேறு.

ஆழத்தில் அழுத்தத்தில் கிடந்த பாறை மேலே வந்ததும், சுமை நீங்கிய மனிதன் முதுகை நிமிர்த்துவதுபோல் சற்றே விரிகிறது. அவ்விரிவால் மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாக வெடிப்பு விடுகிறது. மொட்டைப் பாறைக் குன்றுகள் வெங்காயத் தோல்போல் உரிந்து நிற்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். பகலின் வெயிலும் திடீர் மழையின் குளிர்ச்சியும் அந்த வெடிப்புகளை மேலும் வளர்க்கின்றன. தென்னாட்டுக் கல்லுடைப்போர் பாறையின்மேல் விறகை அடுக்கித் தீ மூட்டித் தகடாகப் பெயர்த்தெடுத்தது இயற்கையின் இந்த வழியையே விரைவுபடுத்தியதாகும். அவர்கள் வெடிப்பை உண்டாக்கவில்லை. பாறைக்குள் விரியக் காத்திருந்ததை விடுவித்தார்கள்.

அடுத்தது வேர். நூல்போல் மெலிந்த ஆலம்வேர் கல்லிடுக்கில் நுழைந்து, ஆண்டுக்கு ஆண்டு பருத்து, யானை அசைக்க இயலாத கல்லை நகர்த்திவிடும். கோபுரத்தில் முளைத்த ஆலங்கன்றை உடனே பிடுங்குவது ஏன் என்பது யாவரும் அறிந்ததே.

கடற்கரையில் உப்பு வேலை செய்கிறது. கடற்காற்றின் ஈரம் கல்லின் நுண்துளைகளில் புகுந்து காய்கிறது. உள்ளே உப்புப் படிகம் வளர்கிறது. வளரும் படிகம் துளையின் சுவரைத் தள்ளுகிறது. கன்னியாகுமரிக் கடலில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையைக் கண்டிருப்பீர்கள். அச்சிலையின்மேல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காகிதக் கூழைப் பூசி, அது உப்பை உறிஞ்சியபின் நீக்கி, இரசாயனப் பூச்சு பூசுகின்றனர். வேடிக்கை பார்ப்போர் சிலைக்கு வண்ணம் அடிப்பதாக எண்ணுவர். உண்மையில் அது கல்லுக்குள் வளரும் உப்போடு நடக்கும் போராட்டம்.

இனி இரசாயனச் சிதைவு. பேச்சிப்பாறையில் இதுவே பெரியது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் இடம் இது. ஆண்டு முழுவதும் வெப்பமும் உண்டு. சூடான அடுப்பில் வைத்த கரைசல் விரைந்து வேலை செய்வதுபோல, வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாட்டில் பாறை விரைந்து கெடும்.

மழைநீர் தூயது என்று சொல்கிறோம். அது உண்மையில் மிக மெல்லிய அமிலம். காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைந்து கார்பானிக் அமிலம் உண்டாகிறது. அந்நீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்கள் விடும் மூச்சாலும் இலைதழை மக்குவதாலும் இன்னும் மிகுதியான கரியமில வாயுவைப் பெற்று மேலும் கூர்மையடைகிறது. காடு செழித்த இடத்தில் பாறை ஆழமாகக் கெட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

நம் கருங்கல்லில் மிகுதியாக இருப்பது ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம். வெண்மையாகவோ இளஞ்சாம்பலாகவோ பளிச்சிடும். இந்த அமில நீர் அதனைத் தாக்கும்போது, அதிலுள்ள பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவை நீரில் கரைந்து வெளியேறுகின்றன. சிலிக்காவிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. எஞ்சுவது வெண்களிமண். திருவனந்தபுரத்துக்கு அருகே தோன்னக்கல் பகுதியில் கிடைக்கும் சீனக்களிமண் இவ்வாறு பிறந்ததே. சாலைக்காக வெட்டிய மேட்டில் வெள்ளைப் பட்டை ஓடுவதைக் கண்டு, பிள்ளைகள் அதை எடுத்துச் சுவரில் எழுதுவதுண்டு. ஒருகாலத்தில் உளியை மழுங்கடித்த கல் அது.

கருங்கல்லில் கருமையாகத் தெரியும் கனிமங்களில் இரும்பு உண்டு. நாம் காக்காப்பொன் என்று பொறுக்கி விளையாடும் கருநிற மைக்காவிலும் உண்டு. நீரில் கரைந்து வரும் பிராணவாயு அவ்விரும்போடு சேர்ந்ததும் துருப்பிடிக்கிறது. கதவின் தாழ்ப்பாளில் பிடிக்கும் துருவும், நம் மேட்டு நிலத்தின் செம்மையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இப்போது பாட்டாவின் கல்லுக்குத் திரும்புவோம். புதிய பாறையில் கனிமமணிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. சுத்தியலால் தட்டினால் அதிர்வு தடையின்றிக் கல் முழுவதும் ஓடும், மணி ஒலிக்கும். நீர் புகுந்து ஃபெல்ஸ்பாரின் விளிம்புகள் களிமண்ணாகத் தொடங்கினால், கண்ணுக்குத் தெரியாத மென்மையான பஞ்சுபோன்ற தளங்கள் இடையிடையே உண்டாகும், நுண்வெடிப்புகளும் விழும். அதிர்வு அங்கே தேங்கி அடங்கிவிடும். இன்று பொறியாளர்கள் கருவியைக் கொண்டு பாறையினுள் ஒலியலையைச் செலுத்தி, அது எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று அளந்து பாறை கெட்டதா இல்லையா என்று கூறுகின்றனர். அதே உண்மையைப் பாட்டா காதால் அறிந்தார். அவரிடம் இல்லாதது அறிவு அன்று. அதைச் சொன்னால் ஒருவர் நின்று கேட்கும் நிலையே அவருக்கு இல்லை.

பௌதிகமும் இரசாயனமும் தனித்தனியே நடப்பதாக எண்ண வேண்டாம். ஒன்று உடைத்துக் கொடுக்க, மற்றொன்று கரைக்கிறது. ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரக் கல்லின் மேற்பரப்பு 6 சதுர மீட்டர். அதை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்தால் பத்து இலட்சம் துண்டுகள் கிடைக்கும். மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நீர் தீண்டும் இடம் நூறு மடங்கு. முழுக் கருப்பட்டி காப்பியில் கரையத் தாமதமாவதும், பொடித்தது உடனே கரைவதும் இதனாலேயே.

மலைச்சரிவுகளில் உருண்டையான பெரும்பாறைகள் நிற்பதைக் கண்டு, ஆறு உருட்டி வந்ததோ, பூதம் எறிந்ததோ என்று கதை சொல்வார்கள். பல உருண்டைகள் எங்கிருந்தும் வரவில்லை. வெடிப்புகளால் சதுரம் சதுரமாகப் பிரிந்த பாறையின் முகத்தை நீர் ஒரு பக்கத்திலிருந்து தாக்குகிறது. விளிம்பை இரு பக்கங்களிலிருந்தும், மூலையை மூன்று பக்கங்களிலிருந்தும் தாக்குகிறது. மூலையே முதலில் கெடும். சதுரம் உருண்டையாகும். சுற்றியுள்ள கெட்ட மண்ணை மழை கழுவிச் சென்றபின் உருண்டை மட்டும் தனித்து நிற்கும்.

இருந்தும், எல்லாக் கனிமங்களும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. கரிய கனிமங்கள் முதலில் போகும், பின் ஃபெல்ஸ்பார். வெங்கச்சங்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கும். அதுவே ஆற்று மணல். அதனுடன் செம்மணி, இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகிய கனமான மணிகளும் தப்பிப் பிழைக்கின்றன. கோதையாறும் பரளியாறும் கலந்து குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடல் சேர்கின்றன. வள்ளியாறு கடியப்பட்டணத்தருகே சேர்கிறது. இவ்வாறுகள் கொண்டு சேர்த்ததைக் கடலலை புடைத்தெடுத்து, மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணலாகவும் செம்மணலாகவும் குவிக்கிறது. அரிசியைச் சுளகில் புடைக்கும் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: இலேசானது பறக்கும், கனத்தது தங்கும். 1909ஆம் ஆண்டில் சோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், இங்கிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். தோரியம் அடங்கிய அம்மணலைத் தேடி உலகமே வந்தது. மேற்கு மலையின் பாறை கெட்டிராவிட்டால் அம்மணல் இல்லை.

மற்றொரு பக்கம், கரையக்கூடியவை எல்லாம் கரைந்து இரும்பும் அலுமினியமும் மட்டும் எஞ்சினால் கிடைப்பது வெட்டுக்கல். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வீட்டுச் சுவர்கள் பலவும் அதனால் ஆனவை. மண்ணுக்குள் மென்மையாக இருக்கும். வெட்டி வெளியே வைத்தால் காற்றுப்பட்டு இறுகும். 1807ஆம் ஆண்டில் புக்கானன் என்பவர் மலபாரில் அங்காடிப்புறத்தில் இதைக் கண்டு, செங்கல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் லாட்டரைட் என்று பெயரிட்டார்.

நாஞ்சில் நாட்டு வயல்களின் களியும் இம்மலைகள் கெட்டுத் தந்ததே. ஓரங்குல மண் பிறக்கப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. பிறந்த மண்ணுக்கு நீர் வேண்டும். அதற்காக மூலந்திருநாள் மன்னர் காலத்தில் 1897இல் தொடங்கி 1906இல் கோதையாற்றின் குறுக்கே இவ்வணை எழுந்தது. பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணையருகிலேயே உள்ளது. அவரை நன்றியோடு நினைக்கிறோம். அணைக்குக் கல் பிளந்தோர், சுமந்தோர், அடுக்கினோர் பெயர்களை நாம் அறியோம். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்த 1855ஆம் ஆண்டுக்கும் இவ்வணைக்கும் இடையே அரை நூற்றாண்டே இருந்தது என்பதை மட்டும் இளைஞர்கள் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். அந்த மண்ணில் உழைத்தோருக்கு அது சொந்தமாக இல்லை. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்க வேண்டி, வயலில் இறங்க மறுக்கும் வேலைநிறுத்தத்தை நடத்தினார். மண்ணிலிருந்து கையை எடுத்தே பள்ளியைக் கேட்க வேண்டியிருந்தது. மண்ணைப் பற்றிப் படிக்க இன்று நாம் அமர்ந்திருப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம்.

இப்படிப்பு ஏட்டளவில் நின்றுவிடக் கூடாததற்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறோம்.

முதலாவது, சரிவு. மழைமிகுந்த மலைகளில் நல்ல பாறையின்மேல் கெட்ட பாறையும் மண்ணும் தடித்த போர்வையாகக் கிடக்கின்றன. பெருமழையில் அப்போர்வை நீர் குடித்துக் கனக்கிறது. அடியிலுள்ள நல்ல பாறை நீரை உள்ளே விடாததால் இரண்டுக்கும் இடையில் நீர் தேங்கிப் பிடிமானம் குறைகிறது. போர்வை வழுக்கி இறங்கும். 2024 ஜூலை 30ஆம் நாள் விடியுமுன் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிகழ்ந்தது இதுவே. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தோட்டத் தொழிலாளரும் அவர்களுள் உண்டு. வீடு கட்ட நல்ல இடம் கிடைக்காதவர்களே மலையடியை வெட்டிக் குடிசை போடுகிறார்கள். அவர்களுள் நம்மவர் பலர். பெருமழையின்போது வீட்டுக்கு மேலே நிலத்தில் புதிய வெடிப்பு தெரிந்தால், மரங்கள் சாயத் தொடங்கினால், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கினால், அந்த இரவு அவ்வீட்டில் உறங்காதீர்கள். முதியோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். பாத்திரம் பண்டங்களைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, தூசி. குவார்ட்ஸ் கடைசிவரை கரையாத கனிமம் என்று சொன்னோம். கோடி மழை கரைக்காததை நம் நுரையீரல் கரைக்குமா? கல்குவாரியிலும் ஜல்லி உடைக்கும் கிரஷரிலும் பறக்கும் நுண்தூசி உள்ளே சென்று தங்கி, நுரையீரலைத் தழும்பாக்கிவிடுகிறது. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு முழுத் தீர்வான மருந்து இல்லை. வராமல் காப்பதே வழி. பீடி குடித்ததால் வந்த இருமல் என்று சொல்லிப் புதைத்த உடல்கள் எத்தனையோ. துளையிடும்போதும் உடைக்கும்போதும் நீர் தெளிக்கச் சொல்லிக் கேளுங்கள். துணியைக் கட்டினால் போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசமே வேண்டும். அதைத் தருவது முதலாளியின் கடமை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் கடந்துவிட்டது, மதிய உணவும் ஆயத்தமாகிவிட்டது என்று சைகை வருகிறது. நாளைக் காலை எட்டு மணிக்கு, சாலைக்காக மேட்டை வெட்டிய இடத்துக்கு இளைஞர்களை அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். மேலே செம்மண், அதன்கீழ் சரளை, அதன்கீழ் கையால் நொறுங்கும் பாறை, அடியில் நல்ல பாறை என்று இன்று சொன்னவை யாவும் அங்கே ஒரே சுவரில் எழுதிக் கிடக்கின்றன. கல்வேலையில் நாற்பது ஆண்டுகள் கழித்த பெரியவர் ஒருவர் உடன் வர இசைந்துள்ளார். தட்டிக் கேட்கும் பாடத்தை அவரே நடத்துவார், நாம் குறிப்பெடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு சிறு சுத்தியலும் பழைய சாக்குப்பையும் கொண்டு வாருங்கள். மழை வலுத்தால் வெட்டுமேட்டின் அருகே செல்ல வேண்டாம். பள்ளித் திண்ணையிலேயே அமர்ந்து, அவர் முன்கூட்டி எடுத்து வைத்திருக்கும் கற்களைத் தட்டிக் கேட்போம்.